தோம்போ போடாத கை

பாலசுப்பிரமணிக்குப் பாட வராது. வாயைத் திறந்தால் கரும்பு லாரி மேடு ஏறுகிற சத்தம்தான் என்று அவர் மனைவி ப்ரேமிலாவே அவர்கள் ஊரான வரதோலி முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஆனால் காது இருக்கிறதே, அது வேறு ரகம். ஃபிஜித் தீவின் ரராவாய் சர்க்கரை ஆலையில், கரும்பு எடை போடும் ஆபீஸில் அவர் கிளார்க். ஆலைச் சங்கு ஊதினால் மற்றவர்களுக்குச் சாப்பாட்டு நேரம். இவருக்கோ, "இன்னிக்கி சங்கு அரைச் சுருதி எறங்கிக் கீது, ஸ்டீம் பத்தல" என்று ஒரு கவலை. பாய்லர்காரர் போய்ப் பார்த்தால் நிஜமாகவே அழுத்தம் குறைந்திருக்கும்.

அந்தக் காதுக்குத் தீனி போட்டவர் ஒரு பல் டாக்டர். மெட்ராஸிலிருந்து வந்து பா டவுனில் கொஞ்ச காலம் பல் பிடுங்கிக்கொண்டிருந்தவர், ஃபிஜிக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தின வருஷம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார். கிளம்பும்போது ஒரு டிரங்குப் பெட்டி நிறைய கர்நாடக சங்கீத இசைத்தட்டுகளையும் அவற்றைப் போடும் கிராமஃபோனையும் கப்பலில் ஏற்ற மனமில்லாமல் விட்டுவிட்டுப் போனார். வேறு யாரும் கேட்காததால் பெட்டி பாலசுப்பிரமணியிடம் வந்தது. முதல் ஆறு மாசம் ஒரு மண்ணும் புரியவில்லை. பிறகு தபாலில் புத்தகம் வரவழைத்து எது ராகம், எது கீர்த்தனை என்று தெரிந்துகொண்டார். ஆதி தாளத்தை எடை ஆபீஸில், இரண்டு லாரிகளுக்கு நடுவே கிடைக்கிற இடைவெளியில் தட்டித் தட்டியே கற்றார். தொடையில் தட்டினால் அவருக்குப் போதாது. இடது உள்ளங்கையை ஏந்தி, அதன்மேல் வலது கையைக் குழித்துப் போடுவார். 'தொப்' என்று ஆழமாக ஒரு சத்தம் வரும்.

பா வட்டாரம் முழுக்க அதைக் கூட உட்கார்ந்து கேட்க ஒரு ஜீவன் கிடையாது. பாட்டன் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கூலி ஒப்பந்தத்தில் கப்பல் ஏறி வந்தவர். மூன்று தலைமுறையில் வீடுகளில் தமிழ் போய் ஹிந்தி உட்கார்ந்துவிட்டது. கோயிலிலும் சாவு வீட்டிலும்தான் தமிழ் தலைகாட்டும். மகன் ஷிவ்னீல் தமிழில் கேட்டால் ஹிந்தியில் பதில் சொல்வான். ப்ரேமிலா தமிழ் பேசுவாள், ஆனால் அவள் பேசியதெல்லாம் இந்த ரகம்:

"ஏன் ஷிவ்னீல் அப்பா, ஞாயித்துக்கெழமையானா கையைத் தட்டிகினே குந்திக்கினு கீறியே, கொசு தான் சாவும், வேற இன்னா ஆவும்?"

கல்யாணம் ஆன நாளாக இதே கேலிதான். அவருக்கும் பழகிப்போனது.

1978இல் ஒரு சனிக்கிழமை. மதியத்துக்கு மேல் ஆலையிலிருந்து வரும்போது சைக்கிள் சக்கரத்தில் காற்று போய்விட்டது. கரும்பு ரயில் பாதையை ஒட்டித் தள்ளிக்கொண்டு நடந்தார். பாதையோரத்தில் தீவின் ஆதிகுடிகளான ஃபிஜியரின் கிராமம் ஒன்று. அதன் பொதுக்கூடத்தில் தேவாலயப் பாடகர் குழு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னாடா இது, நாலு பேரு நாலு பாட்டு பாடறானுங்க" என்று முகம் சுளித்தார். சுருதி சுத்தம், அதில் குறை சொல்ல வழியில்லை. ஆனால் கமகம் எங்கே? ஒவ்வொரு ஸ்வரமும் வேலிக்கம்பம் மாதிரி அசையாமல் நின்றது. கேட்டால் சங்கராபரணம்போல இருந்தது. சங்கராபரணத்தை அசையவிடாமல் கட்டிப்போட்டால் அது சங்கராபரணமா? தாளமும் சரியில்லை. மூன்று மூன்றாக ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, வரி முடிகிற இடத்தில் மூச்சு உள்ளவரை நின்றுவிட்டது. எண்ணிக்கொண்டே வந்தவர் எண்ணிக்கை தவறிப்போய் எரிச்சலுடன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார்.

வீட்டுக்கு வந்து இசைத்தட்டைப் போட்டால், பாழாய்ப்போன மனசு ரயில் பாதையிலேயே நின்றது.

அடுத்த சனிக்கிழமை சைக்கிளில் காற்றெல்லாம் சரியாகவே இருந்தது. ஆனாலும் அதே இடத்தில் இறங்கினார். அன்றுதான் அவருக்கு ஒன்று பிடிபட்டது. மேலே பெண்கள் காந்தாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கீழே ஆண்கள் மட்டும் ஸ்வரம் மாற்றுகிறார்கள். மேலே ஒரு மாற்றமும் இல்லை, ஆனால் அந்தக் காந்தாரத்தின் முகமே மாறிப்போகிறது. இத்தனை நேரம் சிரித்துக்கொண்டிருந்தது இப்போது அழுகிறது. கல்யாணியில் வருகிற காந்தாரம் வேறு, மோகனத்தில் வருகிற காந்தாரம் வேறு என்று அவர் வருஷக்கணக்கில் தட்டுகளைத் தேய்த்துக் கற்ற பாடம் அது. அதை இந்த ஜனங்கள் ஒரு மூச்சில், ஒரே வரிக்குள் செய்துவிட்டார்கள். அடேயப்பா என்று வாய்விட்டே சொன்னார்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு குரல் இருந்தது. தம்புரா மாதிரி என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் தம்புரா இருந்த இடத்தைவிட்டு நகராது. இந்தக் குரல் எல்லாரோடும் புறப்பட்டுப் போகும், மற்றவர்கள் திரும்புவதற்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்து விளக்கேற்றி வைத்துவிடும். அந்தக் குரலுக்காகவே ஐந்து சனிக்கிழமை வெயிலில் நின்றார். ஐந்தாவது சனிக்கிழமை அந்தக் குரலின் சொந்தக்காரர் வெளியே வந்தார். பெயர் எப்பேலி, ஆலையில் கரும்பு அரைக்கும் ரோலர் பக்கம் வேலை. ரராவாயில் வேலை செய்கிற ஃபிஜியர்கள் பலரையும்போல ஃபிஜி ஹிந்தியைத் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவார். அவர்கள் இருவருக்கும் நடுவே கடைசிவரை ஓடியது அந்த பாஷைதான். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"தவாலே, அஞ்சு வாரமா வெளியே நிக்கறே. உள்ளே பாய் போட்டிருக்கு, வந்து உக்காரு."

தவாலே என்றால் மச்சான். ஃபிஜியர் ஒருவர் அப்படி அழைத்துவிட்டால் கேலி செய்யவும் உரிமை, சோறு கேட்கவும் உரிமை. பாலசுப்பிரமணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார்.

அன்றைக்கு சபேட்டோ பள்ளத்தாக்கிலிருந்து ஒரு விருந்தாளிக் குழு வந்திருந்தது. எப்பேலியின் தாய் பிறந்த ஊர்க்காரர்கள். பாட்டு முடிந்து விருந்தாளிகளுக்கு மரியாதை செய்யும் சடங்கு ஆரம்பமானது. கூடத்தில் சத்தம் அடங்கியது. ஊர்ப் பெரியவர், இடித்துக் கரைத்துக் குடிக்கிற நங்கோனா வேர்க்கட்டு ஒன்றை முன்னால் வைத்து, தலையைக் குனிந்துகொண்டு ஏதோ நீளமாகச் சொன்னார். பின்வரிசையில் நம்மவருக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. இப்போது கேட்ட பாட்டு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. வரி முடிவில் மூச்சு நிற்கிற அந்த இடத்தை எப்படியாவது தாளத்தில் அடக்கிவிட வேண்டும் என்று மனசுக்குள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் கணக்கு சரியாக வந்துவிட்டது. பெரியவர் பேச்சை முடித்து மௌனமான அந்த நொடியில், இவர் கையைக் குழித்து, தொப், தொப், தொப் என்று மூன்று போட்டார்.

கூடமே திரும்பிப் பார்த்தது. சபேட்டோக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். பிறகு ஒரு கிழவி சிரிக்க ஆரம்பித்தாள். அப்புறம் அந்தக் கூரை பிய்த்துக்கொண்டு போகாத குறைதான்.

எப்பேலிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "தவாலே, நீ என்ன செஞ்சே தெரியுமா? தோம்போ போட்டுட்டே! கொடுக்கறதை வாங்கிக்கிட்டேன், மனசு நிறைஞ்சதுன்னு சொல்ற கைதட்டல் அது. விருந்தாளிங்க தட்டறதுக்கு முன்னாடி நீ தட்டிட்டே. அந்தக் கட்டு இனிமே உன்னது."

"ஐயோ, எனக்கு வேணாம். திருப்பிக் கொடுத்துடறேன்."

"அதெல்லாம் முடியாது. தோம்போ போட்டா போட்டதுதான். பொருளா இருந்தாலும் சரி, மன்னிப்பா இருந்தாலும் சரி, கை தட்டினதுக்கு அப்புறம் பேச்சே கிடையாது."

பெரியவர் விருந்தாளிகளுக்கு வேறொரு கட்டு கொண்டுவரச் சொன்னார். பாலசுப்பிரமணி முழநீள வேர்க்கட்டைச் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு வரதோலி வந்து சேர்ந்தார். ப்ரேமிலா விஷயத்தைக் கேட்டு ஒரு வாரம் சிரித்தாள். அன்று முதல் அந்தக் கிராமத்தில் அவர் பெயரே தோம்போ. குழந்தைகள்கூட ரயில் பாதையில் அவரைக் கண்டால் கையைக் குழித்துத் தட்டிக் காட்டும்.

எப்பேலியும் பதிலுக்கு வரதோலி வந்தார். மரியாதையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு தட்டு முழுக்கக் கேட்டார். முடிந்ததும் ரொம்ப வருத்தத்தோடு ஒரு கேள்வி கேட்டார்: "பாவம், தனியாவே பாடறாரே, அவருக்கு வீட்டுல யாரும் இல்லையா?" அதற்குப் பதில் சொல்லி மாளவில்லை பாலசுப்பிரமணிக்கு. ஆனால் எட்டு ஒன்பது வருஷத்தில் எப்பேலி கல்யாணியையும் மோகனத்தையும் பிரித்துச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். இவரும் எந்தப் பாட்டில் எந்தக் குரல் எங்கே மூச்சு வாங்கும் என்பதுவரை சொல்வார். பாட்டு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து கொடுத்ததே என்று அவருக்குப் பெருமை தாங்காது.

1987 மே மாதம் ஒரு வியாழக்கிழமை தலைநகர் சுவாவில் ஃபிஜியர் பட்டாளம் பார்லிமெண்டுக்குள் நுழைந்தது. இந்தியர்கள் ஆதரித்த சர்க்கார் ஒரு மாசம்தான் ஆண்டது. ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த ஆலையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அந்த சனிக்கிழமை எப்பேலி காலையிலேயே வரதோலி வந்து, வாசல் கேட்டருகே ஒரு நாற்காலியைப் போட்டுப் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. ப்ரேமிலா மூன்று தடவை டீ போட்டுக் கொடுத்தாள்.

ஆனால் அவள் புத்தி தெளிவாக இருந்தது. கனடாவில் அவளுடைய சித்தப்பா மகன் இருந்தான். அவளுக்கும், சபேட்டோவில் கரும்பு போட்டுக்கொண்டிருந்த அவள் அண்ணன் அப்பலசாமிக்கும் சேர்த்து அங்கே குடியேறப் பேப்பர் ஏற்பாடு செய்து அனுப்பினான். கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. பாலசுப்பிரமணி போடவில்லை. அந்த வருஷக் கடைசியில் ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது, வேலை கிடையாது, ஊரே ஜெபம்தான் செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. விக்கிரகம் கும்பிடுகிறவர்களைப் பற்றி ரேடியோவில் என்னென்னவோ பேசினார்கள். அப்போதும் சனிக்கிழமையானால் அவர் ரயில் பாதைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்.

"உன்னியத் திட்டறவங்க பாட்டை எதுக்குய்யா போய்க் கேக்கறே? மானம் ரோஷம் ஒண்ணும் இல்லியா உனுக்கு?" என்று ப்ரேமிலா கத்தினாள்.

"திட்டறவன் வேற, பாடறவன் வேற. பாட்டுல பொய் வராது ப்ரேமிலா. வந்தா என் காதுக்குத் தெரிஞ்சிடும்."

அப்பலசாமிக்கும் அதையேதான் சொன்னார். அப்பலசாமி நல்ல மனுஷன். தங்கச்சி வீட்டுக்காரர் ஆபீஸ் உத்தியோகம், நாலு விஷயம் தெரிந்தவர் என்று ஒரு மரியாதை. "மாப்ளே சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவரும் கையெழுத்துப் போடவில்லை. பேப்பர் காலாவதி ஆனது. ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே தன் காதை நம்பி மாற்றிவிட்டோம் என்று அப்போது அவருக்கு உறைக்கவில்லை. பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஷிவ்னீல் மட்டும் எலக்ட்ரீஷியன் படிப்பை முடித்த கையோடு சிட்னிக்குப் போய்விட்டான். "அப்பா, நீங்க பாட்டுக் கேட்டுக்கிட்டு இருங்க" என்று போகும்போது ஹிந்தியில் சொன்னான். அதில் குத்தல் இருந்ததா இல்லையா என்று அந்தக் காதுக்கே தெரியவில்லை.

2000ஆம் வருஷம் மே மாதம் மறுபடியும் அதே கூத்து. இந்தத் தடவை பிரதம மந்திரி ஓர் இந்தியர். துப்பாக்கியோடு நுழைந்தவர்கள் அவரையும் மற்றவர்களையும் உள்ளே வைத்துப் பூட்டினார்கள். சுவாவில் கடைகள் எரிந்தன. கிராமங்களில் இந்தியர் வீடுகளை அடிக்க யார் யாரோ கிளம்பினார்கள். ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் தனியாக இருக்கிறானே என்று ப்ரேமிலா பிடிவாதம் பிடித்ததால் இருவரும் சபேட்டோ போனார்கள். அப்பலசாமிக்கு மனைவி இல்லை. இருந்ததெல்லாம் ஓட்டு வீடு, குத்தகை நிலம், அதில் ஆள் உயரத்துக்கு மேல் நின்ற கரும்பு, மோத்தி என்று ஓர் உழவு மாடு.

சாப்பாடு முடிந்த நேரம். வாசல் பாதையில் முப்பது பேர் வந்து நின்றார்கள். முகத்தில் துணி சுற்றியிருந்தது. நின்றவர்கள் தலையைக் குனிந்தார்கள். பாட ஆரம்பித்தார்கள்.

"அண்ணா, ஓடிடலாம் வா" என்றாள் ப்ரேமிலா.

பாலசுப்பிரமணி கையமர்த்தினார். "இரு இரு. ஜெபம் பண்றாங்க. பாடறவன் கை ஓங்க மாட்டான்." சொன்னதோடு நிற்காமல் வராந்தாவுக்கும் போனார். இதைவிட ஒரு முட்டாள்தனத்தை ஒரு மனுஷன் செய்ய முடியுமா? ஆனால் போனார். ஏனென்றால் அந்தப் பாட்டு அவ்வளவு நன்றாக இருந்தது. நாலு குரலும் ஒன்றுக்குள் ஒன்று இழைந்து, திறந்த வெளியில், கரும்புக்கு நடுவில், இருபது வருஷத்தில் அவர் கேட்ட எந்த ஒத்திகையிலும் இல்லாத சுத்தத்தோடு எழும்பியது. இரண்டாவது அடியிலேயே கீழ்க்குரலைக் கண்டுகொண்டார். எல்லாருக்கும் முன்னாலேயே வீடு திரும்பிவிடுகிற அந்தக் குரல். வலப்பக்கம் மூன்றாவது ஆள். நீலத் துணி.

ப்ரேமிலா பார்த்தது பாட்டை அல்ல, கைகளை. கரும்பு வெட்டும் கத்திகள் இருந்தன. ஒரு கையால் அண்ணனையும் ஒரு கையால் புருஷனையும் பிடித்து இழுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினாள். மூன்றாவது அடி முடிந்து ஆமென் வந்தது. கொல்லையைத் தாண்ட வேண்டும், மாட்டுக் கொட்டகையைத் தாண்ட வேண்டும். அப்பலசாமிக்கு முட்டிவலி, ஓட வரவில்லை. ஆமென் அறாமல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அவர்கள் கரும்புக்குள் நுழைந்து பத்து வரிசை தள்ளி உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கீழ் ஸா அறுந்தது. அப்புறம் கதவு உடைகிற சத்தம்.

கரும்புத் தோகை முகத்தைக் கிழிக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு மூவரும் குந்தியிருந்தார்கள். பாலசுப்பிரமணி எதேச்சையாகக் குனிந்து பார்த்தார். அவருடைய வலது கை தொடையில் மூன்று மூன்றாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்த பின்னும் போட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கையை வெட்டிப் போட்டுவிடலாமா என்று அவருக்கு அருவருப்பாக இருந்தது. அப்போதுதான் மோத்தி கத்தியது, ஒரே ஒரு தடவை.

வீடு எரிந்தது. சாமி அறையில் ஒன்றும் மிஞ்சவில்லை. பொழுது சாய, பாட வந்தவர்களின் ஊர்க் கிழவி ஒருத்தி ஒரு சட்டி நிறைய அவித்த மரவள்ளிக் கிழங்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் திரும்பிப் போனாள். மறுநாள் போலீஸ்காரர் வந்தார்.

"முகம் பாத்தியா?"

"துணி கட்டியிருந்தாங்க."

"யாரையாவது அடையாளம் தெரியுமா?"

"தெரியாது" என்றார் பாலசுப்பிரமணி. குரலைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அப்பலசாமி லௌடோகாவில் அகதிகளுக்குப் போட்டிருந்த கூடாரத்தில் இருந்தார். வரதோலிக்கு வா என்று தங்கச்சி கெஞ்சியும் வரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. ஒரு நாள் பாலசுப்பிரமணி பார்க்கப் போனபோது, ரொம்ப நேரம் கூடாரத் துணியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"நல்லாப் பாடனானுங்க இல்ல, மாப்ளே?"

கேலியா, கோபமா, உண்மையாகவே கேட்டாரா, தெரியாது. தீபாவளிக்கு முன்னால் அப்பலசாமி போய்ச் சேர்ந்தார். ஷிவ்னீல் சிட்னியிலிருந்து பேப்பர் அனுப்பினான். இந்தத் தடவை பாலசுப்பிரமணி படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

கருமாதி முடிந்த மறு வாரம் எப்பேலி வந்தார். மன்னிப்புக் கேட்டு வருகிறவர் ஊர்ப் பெரியவரைக் கூட அழைத்து வருவதுதான் வழக்கம். அவர் தனியாக வந்திருந்தார், ஊருக்குத் தெரியாமல் வந்திருக்கிறார் என்பது அதிலேயே தெரிந்தது. வராந்தாவின் வெறுந்தரையில் உட்கார்ந்து, கொண்டுவந்த வேர்க்கட்டை முன்னால் வைத்தார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய கட்டைப் போலவே முழநீளம். பாலசுப்பிரமணி எதிரே உட்கார்ந்தார். ப்ரேமிலா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உனக்குத் தெரியும். என் குரல் உனக்குத் தெரியாம இருக்காது" என்றார் எப்பேலி.

"தெரியும்."

"அம்மா ஊர்ல கூப்பிட்டாங்க, போனேன். உன் மச்சான் வீடுன்னு அங்க போனதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சது. வராந்தாவுல உன்னைப் பாத்தேன். கீழ்க்குரல் ஓயற வரைக்கும் யாரும் நகரக் கூடாது, அது எங்க வழக்கம். அந்த ஆமென் நாலு எண்ணிக்கைதான். நான் விடல தவாலே. நெஞ்சு வெடிக்கற வரைக்கும் விடல. நீ எண்ணியிருப்பே."

எண்ணியிருந்தார். இருபத்தாறு. அவர் சொன்னதில் பொய் இல்லை. உலகத்தில் அதற்கு ஒரே சாட்சி பாலசுப்பிரமணியின் காதுதான். அந்த மூச்சு இல்லாவிட்டால் மூவரும் கொட்டகை பக்கத்திலேயே அகப்பட்டிருப்பார்கள்.

"அப்புறம் நீயும் உள்ள வந்தே" என்றார்.

எப்பேலி தலையைக் குனிந்தார். "வந்தேன்."

"மோத்தியை யாரு?"

"வெட்டினது நான் இல்ல. கயித்தைப் பிடிச்சேன்" என்றார்.

வழக்கப்படி எப்பேலி தன் பாஷையில் நாலு வாக்கியம் சொல்லி முடித்து, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு காத்திருந்தார். கையைக் குழித்து மூன்று தட்டு தட்டினால் போதும். பாலசுப்பிரமணியின் வலது கை கொஞ்சம் எழும்பக்கூட எழும்பியது. தட்டிவிட்டால் திருப்ப முடியாது. கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அந்த சனிக்கிழமையும் இருபத்தாறு எண்ணிக்கை நின்ற அந்த மூச்சும் ஒரு பக்கம் இழுத்தன. கூடாரத் துணியைப் பார்த்துக்கொண்டே அப்பலசாமி கேட்ட கேள்வி இன்னொரு பக்கம் இழுத்தது. அவர் கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

எப்பேலி ஒரு பாட்டு முடிகிற நேரம் காத்திருந்தார். பிறகு வேர்க்கட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "மோதே" என்றார். போய்வருகிறேன் என்று அர்த்தம். எப்போதும் அதன் பின்னால் ஒரு தவாலே வரும். அன்றைக்கு வரவில்லை.

கேட் சாத்துகிற சத்தம் கேட்டதும் ப்ரேமிலா உள்ளே வந்தாள். "இத்தினி நாளா உனுக்குத் தெரியும். எங்க அண்ணன் செத்தப்பக்கூட வாயைத் தொறக்கல நீ."

அவர் தொடைக்கு அடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பாட்டுல பொய் வராதுன்னு சொன்னியே!"

"வரல ப்ரேமிலா" என்றார். "பாட்டுல பொய் வரல. அதான் தாங்கல." அவர் அழுததை ப்ரேமிலா பார்த்தது அந்த ஒரு தடவைதான். அவளுக்குச் சமாதானம் சொல்ல மனசு இல்லை.

டிரங்குப் பெட்டியை வாங்கிக்கொள்ள ஆள் அகப்படவில்லை. வரதோலி வீட்டுக்குக் குடிவந்தவர்களிடம், "பழைய தட்டுங்க, வேணும்னா கேளுங்க, இல்லாட்டி எறிஞ்சிடுங்க" என்று சொல்லி அப்படியே விட்டுவிட்டு நாந்தியில் விமானம் ஏறினார்கள்.

சிட்னியில் ஷிவ்னீல் வீட்டிலிருந்து அரைமணி தூரத்தில் ஒரு பள்ளிக்கூட அரங்கம். மெட்ராஸிலிருந்து வந்து தங்கியவர்கள் மாதம் ஒரு கச்சேரி நடத்துகிறார்கள். மகன் அப்பாவை அங்கே கொண்டுபோய் விட்டான். ஆயுசு முழுக்க கிராமஃபோன் வழியாகக் கேட்டதை அவர் முதன்முதலாக நேரில் கேட்டார். முந்நூறு பேர், முந்நூறு கை, ஒரே தாளம். கூட உட்கார்ந்து கேட்க ஒரு ஜீவன் கிடைக்காதா என்று பாவில் ஏங்கினவருக்கு இப்போது எங்கே திரும்பினாலும் ஜீவன்கள்தான். பாடகர் சங்கராபரணத்தை விரித்தார். பாலசுப்பிரமணி வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் பாட்டு என்றால் அவர் அப்படித்தான் உட்காருகிறார்.

பக்கத்து நாற்காலி அம்மாளுக்கு அது பொறுக்கவில்லை. தனி ஆவர்த்தனம் நடக்கும்போது குனிந்து கேட்டார்: "என்ன சார், இவ்வளவு பிரமாதமா வாசிக்கறார், நீங்க தாளமே போட மாட்டேங்கறேளே? பழக்கம் இல்லையா?"

"பழக்கம் எல்லாம் உண்டும்மா" என்றார் பாலசுப்பிரமணி. "எங்க ஊர்ல கையைத் தட்டினா மன்னிச்சிட்டேன்னு அர்த்தம்."

அந்த அம்மாள் சிரித்தார். நல்ல வேடிக்கையாகப் பேசுகிறீர்களே என்று சொல்லிவிட்டு மறுபடி தாளத்துக்குத் திரும்பினார்.